நாக்குக்காரியின் முகம்

உப்பு கூடிவிட்டது என்பாரா, குறைந்துவிட்டது என்பாரா? முதல் வாய்க்குப் புருவம் ஏறினால் கூடுதல். கை தானாக உப்பு ஜாடிப் பக்கம் போனால் குறைவு. இரண்டும் இல்லையென்றால் இன்றைக்குப் பிழைத்தேன். அதற்கப்புறம் நானும் ஒரு வாய் வைத்துக்கொண்டு, ஆமாம், கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் கணவனின் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பண்ணையில் மேஸ்திரி வேலை. வீட்டுக்கு வந்தபிறகும் கண் செடிகளுக்கு நடுவேதான் இருக்கும். புருவம் ஏறவில்லை. கை ஜாடிக்குப் போகவில்லை.

"இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்து" என்றார்.

ஊற்றினாள். நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. நிம்மதி வரவேண்டிய இடம் தெரிந்தது. அங்கே எதுவும் வரவில்லை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அது. தெருவில் எல்லோருக்கும் வந்தது, எல்லோருக்கும் போனது. அவளுக்கும் போனது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாய் கசந்து கிடந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள், கசக்கவும் இல்லை. வாய்க்குள் போவதெல்லாம் சூடு, குளிர், கெட்டி, குழைவு என்றாகிவிட்டது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிக் கருகியது. தெருவில் போனவர் கதவைத் தட்டிச் சொல்லும்வரை அவள் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் சரியாகிவிடும் என்றிருந்ததால் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்பதால் பிறகும் சொல்லவில்லை.

நாக்கோடு நின்றிருந்தால் சரி. மகளைக் கட்டிக்கொடுத்து வண்டி ஏற்றிய அன்று வாசலில் மேஸ்திரிகூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மகளின் பை ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்நெஞ்சுக்காரிதான் அண்ணி நீங்க. ஒரு சொட்டு விடக்கூடாதா, ஊருக்காகவாவது" என்றாள் நாத்தனார். அன்று முழுவதும் அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். அழுகை இருந்த அறை தெரிந்தது. கதவுகூடத் திறந்துதான் இருந்தது. உள்ளே சாமான் எதுவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பிழைப்பே நாக்கை வைத்துத்தான்.

கணவன் வேலை பார்க்கும் அதே பண்ணையில்தான் அவளுக்கும் வேலை. மரவள்ளிக் கிழங்கில் மாவு அதிகமாகப் பிடிக்கும்படி, மரபணுவிலேயே கைவைத்து மாற்றிய செடிகளை முள்கம்பிக்குள் வளர்த்தார்கள். ஆலைக்கும் ஆகவேண்டும், அடுப்புக்கும் ஆகவேண்டும், அப்படி ஒரு கிழங்கு என்பது டாக்டரம்மாவின் கனவு. அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி படித்த டாக்டர். வேலைக்காரர்கள் அதை மாத்துக்கிழங்கு என்றார்கள். மாற்றாததற்குப் பெயர் பழசு. வேலியைத் தாண்டி ஓர் இலைகூட வெளியே போகக்கூடாது. பிடுங்கிய கிழங்கைக் காற்றில் ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை போட்டு, மாவு எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டு, மிச்சத்தைக் குழியில் போட்டு எரித்தார்கள்.

எரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் ருசி அறைக்கு வரும். மரவள்ளியில் இயற்கையாகவே ஒரு விஷம் உண்டு. அது ஏறினால் கசக்கும். மெஷின் அதை அளந்து சொல்லும். ஆனால் மெஷின் தலைநகரத்தில் இருந்தது. அனுப்பினால் திரும்பி வர மாதங்கள் ஆகும். முதல் அறுவடையை அனுப்பி, நல்லது என்று பதில் வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிந்தைய அறுவடைகளுக்கு ருசிக்குழுதான். குழுவில் யாராவது கசக்கிறது என்று குறித்தால் மட்டும் மறுபடி மெஷினுக்குப் போகும். பக்கத்து மில்லின் டிரைவர் மனைவி, வாட்ச்மேன், ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண், அப்புறம் இவள். அவித்த துண்டை மெல்லவேண்டும், குவளையில் துப்பவேண்டும், வெந்நீரால் வாய் கொப்பளிக்கவேண்டும், காகிதத்தில் டிக் போடவேண்டும், அடுத்த தட்டு. நிறம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிவப்பு பல்பு. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மேஜைக்கு நடுவே அட்டைத் தடுப்புகளும் இருந்தன. அவற்றைக் கரையான் தின்று நெடுநாள் ஆகிறது. புதிது வரும், வரும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

காய்ச்சலுக்கு முன்னால் அவளுக்கு அங்கே நாக்குக்காரி என்று பெயர். மற்றவர்கள் விழுங்கிவிடுகிற கசப்பை அவள் நுனி நாக்கில் பிடித்துவிடுவாள். பிடித்தால் மூக்கின் மேல் ஒரு சுருக்கம் விழும். "நாக்குக்காரி மூக்கைச் சுருக்கிட்டா அந்தக் கிழங்குக்கு ஜாதகம் முடிஞ்சது" என்பார் வாட்ச்மேன்.

காய்ச்சலுக்குப் பிறகு நடந்த முதல் அமர்வில் அவள் ஒவ்வொரு தட்டையும் மென்றாள். மாவு உதிர்வது தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கசப்பில்லை என்று போட்டாள். எதிரே டிரைவர் மனைவி வாய்க்குள் துண்டை வைத்தபடி தலையைத் தூக்கி இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து எழுதினாள். அன்று அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

நாத்தனார் கிண்டல் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இத்தோடு போயிருக்கும். புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள் அவள். ஸ்டார்ச் மில்லில், மாவு காயவைக்கும் களத்தில் வேலை. சாயந்தரம் முழங்கால்வரை வெள்ளையாக வந்து நிற்பாள். "பேய் வந்திருக்கு அண்ணி, சோத்தைப் போட்டு அனுப்பிவிடுங்க" என்பாள். வீட்டில் சத்தம் என்று இருந்தது அவளால்தான்.

அன்று தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிக்கொண்டே அண்ணனை ஆரம்பித்தாள்.

"நாலு வருஷமா மாத்துக்கிழங்கு, மாத்துக்கிழங்குன்னு புள்ள பெத்தவ மாதிரி பேசுறியே. ஒரு நாள் கண்ணுல காட்டேன்."

"அதெல்லாம் வெளிய வரக்கூடாது."

"ஏன், ஜாமீன் கிடைக்கலையா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு. பழசுல ரெண்டு கூடை பிடுங்கினா வர்ற மாவு, இதுல ஒரு கூடையில வருது. தெரியுமா?"

"எங்க மில்லுல தினமும் மாவைத்தான் பார்க்கிறேன். எல்லா மாவும் என் காலுக்கு ஒண்ணுதான். வாய்க்கு எப்படின்னு சொல்லு."

"உங்க அண்ணிகிட்ட கேளு. ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டவ அவதான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

மறுநாள் மேஸ்திரி சட்டைக்குள் துண்டு சுற்றி ஒரு கிழங்கைக் கொண்டுவந்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு குச்சி வெளியே எடுக்காத மனிதர். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் பிடுங்கியதாம், இருப்பதிலேயே பெரிது. நாத்தனார் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "இது கிழங்கா, கன்னுக்குட்டியா?" என்றாள்.

அவள் தோலை நீளவாக்கில் கீறி உரித்தாள். நடு நரம்பை எடுத்துவிட்டுத் துண்டு போட்டு, உப்பு நீரில் வேகவைத்தாள். சீக்கிரமே வெந்தது. துண்டுகள் ஓரமெல்லாம் பூவாக வெடித்துக்கொண்டன. "பார்த்தியா, பார்த்தியா" என்று மேஸ்திரி அடுப்படிக்கும் முன்னறைக்குமாக நடந்தார். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் தட்டு. வெளியே காற்றே இல்லை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை வெயிலுக்கு டிக் டிக்கென்று முறுகும் சத்தம்.

அவள் தன் பங்கை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். சூடாக இருந்தது. நாக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒட்டிக்கொண்டு, பிறகு போனது. இரண்டாவது துண்டு. மூன்றாவது துண்டை எடுக்கும்போதுதான் பேச்சுச் சத்தம் நின்றுபோனது காதில் விழுந்தது.

நிமிர்ந்தாள். நாத்தனார் வாயில் இருந்ததைக் கையில் துப்பி வைத்துக்கொண்டிருந்தாள். கணவர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனம் வராமல் ஒரு பக்கக் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார். இருவரும் கிழங்கைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் குரலில் கிண்டல் இல்லாமல் கேட்டு வெகு நாளாயிற்று. "உங்களுக்குக் கசக்கலையா?"

அவள் கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தப் பதிலைச் சொன்னால் பொருந்தும் என்று பார்த்தாள். 

"எப்பத்துலேருந்து?"

"காய்ச்சல்லேருந்து."

"கடவுளே. அப்ப நீங்க ஆக்கிப் போட்டதெல்லாம்?"

"உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் ஆக்கினேன்."

மேஸ்திரி எழுந்து பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். "தோலைச் சரியா சீவல" என்றார், யாரையும் பார்க்காமல்.

"தோலாம். வேப்பங்காயைப் போய் நல்லா சீவு, இனிக்குதான்னு பார்ப்போம்" என்றாள் நாத்தனார்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தலை பாரமாகிப் பின்வாசலில் வாந்தி எடுத்தாள். நாத்தனார் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் மில் மாவு வழவழப்பாக இருந்தது. வாந்தி எடுக்கும்போதும் வாயில் எந்த ருசியும் இல்லை. இரண்டு துண்டுக்கே இப்படி என்றால், என்று ஒரு எண்ணம் வந்தது. பயமும் வரும் என்று காத்திருந்தாள். எண்ணம் மட்டும் தனியாக நின்றது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. டிரைவர் மனைவியின் பார்வை. அவள் தன் நாக்கைக் கேட்டுவிட்டு எழுதவில்லை, இவள் மூக்கைப் பார்த்துவிட்டு எழுதினாள். வாட்ச்மேனும் அப்படித்தான். டைப்பிஸ்ட் பெண்ணும் அப்படித்தான். நான் வீட்டில் இவர்கள் முகத்தைப் பார்த்து உப்புப் போடுகிறேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கிழங்குக்குக் குறி போடுகிறார்கள். என் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைத்தான் கசப்பில்லை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த அமர்வுக்கு முந்தைய சாயந்தரம், மேஸ்திரி வாசற்படியில் உட்கார்ந்து மண்வெட்டிக் காம்புக்கு ஆப்பு அடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார். அவள் உள்பக்கம் கதவோரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரிசைகளுக்குத் தண்ணி எட்டல. கோடையில மோட்டார் போச்சுல்ல, அப்ப. நான் டாக்டரம்மாகிட்ட சொல்லல. மத்த வரிசை நல்லாத்தானே நின்னுது. தண்ணி காணாத கிழங்கு கசக்கும். பழசும்தான் கசக்கும்."

"மாத்தினதால கசக்குதா, காஞ்சதால கசக்குதா?"

"யாருக்குத் தெரியும்?"

"மெஷினுக்குத் தெரியும்."

"மெஷினுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நடவு முடிஞ்சிடும். இந்த வருஷம் நடவுக் குச்சி ஊருக்குள்ள போகலன்னா பண்ணையை இழுத்து மூடப்போறாங்க. பெரிய ஆபீசர் நேரா சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் இந்த வயசுல எவன் வாசல்ல போய் நிக்கிறது?" ஆப்பை இன்னொரு அடி அடித்தார். "பன்னிக்கும் எலிக்கும் காவல் காத்து வளர்த்திருக்கேன். பெத்த பொண்ணைக்கூட அப்படிப் பார்க்கல."

அது உண்மைதான். அவள் ஒரு சட்டையை உதறினாள்.

"நாளைக்குக் கடைசி வரிசைக் கிழங்குதான் தட்டுக்கு வருது. உன்னைப் பொய் சொல்லச் சொல்லல" என்றார். "உனக்குத் தெரியலதானே? தெரியாததை முகத்துல தெரியாதபடியே வச்சிரு. போன தடவ வச்சிருந்தியே, அப்படி. அதுல பொய் எங்க இருக்கு?"

உள்ளே இருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "அண்ணே, நீ தெரியாம மண்வெட்டியைப் பிடிச்சிட்ட. கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கணும்."

"நீ சும்மா இரு."

"சும்மா இருக்கேன். நாளைக்கு அந்தக் குச்சியை எவ கொல்லையில நடுறாளோ, அவ புள்ளையும் வாந்தி எடுத்துட்டுச் சும்மா இருக்கட்டும்."

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். காம்பை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. எழுந்து அதைச் சுவரோரம் சாத்திவிட்டு, உள்ளே வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, மடித்த துணியிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார். அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"எனக்காக" என்றார்.

முன்பு என்றால் இதற்கு அவள் நெஞ்சு கலங்கியிருக்கும். கலங்கியிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பாள். இப்போது அவருடைய விரல் நகங்களில் மண் இருப்பது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அவர் பயந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. பாவம் என்ற சொல்கூட நினைவுக்கு வந்தது. அவள் கடைசித் துணியை அடுக்கின் மேல் வைத்தாள்.

காலையில் ருசி அறையில் மேஜை துடைத்து வைத்திருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் வெந்நீர் டம்ளர், குவளை, பென்சில் எல்லாம் ஒரே நிறம். மேஸ்திரி சமையல் பக்கமிருந்து மூடிய தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியே போகாமல் வாசலருகே நின்றார்.

"அக்கா, இந்தத் தடவ தேறிடும்ல?" என்றாள் டிரைவர் மனைவி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "குச்சி கொடுத்தாங்கன்னா முதல் கட்டு எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க வீட்டுப் பசங்களுக்குக் கிழங்குன்னா உசுரு. சோறே வேண்டாம்பானுங்க."

"கொல்லையில இடம் இருக்கா?"

"கோழிக்கூண்டைத் தூக்கிட்டா இருக்கு."

டாக்டரம்மா வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். எப்போதும் போல, "பேசக்கூடாது, பக்கத்துல பார்க்கக்கூடாது" என்றார். எப்போதும் போல யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மூடிகளை எடுத்தார்கள். பூவாக வெடித்த துண்டுகள். ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வாட்ச்மேன் இவளைப் பார்த்தார். டைப்பிஸ்ட் பெண் பார்த்தாள். டிரைவர் மனைவி பார்த்தாள். வாசலில் நின்றவரும் பார்த்தார்.

அவள் தன் தட்டுக்கு மூடியைத் திரும்பப் போட்டாள்.

"என்னாச்சு?" என்றார் டாக்டரம்மா. "உடம்பு சரியில்லையா?"

"நான் வாய்ல வைக்கலம்மா."

"ஏன்?"

"எனக்கு ருசி தெரியாது. மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிடுச்சு."

டாக்டரம்மா மூடிய தட்டைப் பார்த்தார். "அப்ப போன தடவ?"

"போன தடவையும் தெரியல. அதுல நான் போட்ட குறியை எடுத்துடுங்க."

வாசலில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். கிழங்கைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசை, மோட்டார், சட்டைக்குள் வந்த கிழங்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் நிமிரவில்லை.

"அய்யய்யோ, அக்கா" என்றாள் டிரைவர் மனைவி. "அப்ப நாங்க எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கையில் இருந்த துண்டை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்த்தாற்போலத் திருப்பிப் போட்டு, மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சுவரில் பழைய அட்டைத் தடுப்பு ஆணியடித்திருந்த தடம் இருந்தது. கரையான் மண் கோடாக ஏறியிருந்தது. பின்னால் முதலில் ஒருவர் மெல்லும் சத்தம், பிறகு இன்னொருவர். மெல்லும் சத்தம் ஒன்று நடுவில் நின்றது. யாரோ குவளையைத் தன் பக்கம் இழுத்தார்கள்.

டாக்டரம்மா அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"இங்க பாருங்க. காய்ச்சலுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, நான் ஒண்ணும் சொல்லல. அதை அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா நாலு பேர் குறிக்கலன்னா இந்த அமர்வே செல்லாது. குச்சி ஏத்த வண்டி சொல்லியாச்சு. சும்மா ஒரு டிக் போட்டுட்டு, எப்பவும் போல இவங்களைப் பார்த்து உட்காருங்க. அது போதும்." காகிதத்தையும் பென்சிலையும் அவள் மடியில் வைத்தார்.

அவள் பென்சிலை எடுத்தாள். நுனி கூராக இருந்தது. அதைக் காகிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து டாக்டரம்மாவின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"வேண்டாம்மா" என்றாள். "நான் இப்படியே உட்கார்ந்துக்கிறேன்."